முதல்ல என்கிட்டதான் சொல்லுவா

அந்த வீட்டில் வயிறு சரியில்லாதவள் மகள். வயிறு எரிந்துகொண்டிருந்ததோ அம்மாக்காரிக்கு.

வாராவாரம் இந்தக் குடும்பத்தின் கதையோடு கூடவே வருகிறவர்களுக்கு விஷயம் தெரியும். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பேக்கரி நடத்தும் தம்பதிக்கு ஒரே பெண், பத்து வயது, செல்லப் பெயர் சுண்டு. ரொம்ப நாளாகவே வயிற்றுவலி என்றாள். பள்ளிக்கூடம் போகாமலிருக்கச் சாக்கு என்று எல்லோருமாகச் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு எடை இறங்கியது. போன வருடத்துச் சீருடை இந்த வருடமும் அளவாக இருந்தது. "துணிச் செலவு மிச்சம்" என்று அன்றைக்குச் சிரித்தவளும் இதே அம்மாக்காரிதான். கழிப்பறையில் ரத்தம் தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டரம்மா, க்ரோன் நோய் என்று பெயர் சொன்னார்.

"உடம்பைக் காவல் காக்க வேண்டிய ஆளுங்களே குடலை எதிரின்னு நினைச்சு அடிக்கிறாங்க. தொத்து நோய் இல்ல. நீங்க எதையோ சாப்பிடக் கொடுத்ததால வந்ததும் இல்ல. அடியோட போகாது, ஆனா அடக்கி வைக்கலாம். அடக்கி வச்சா இவளும் வளருவா, ஓடுவா, எல்லாப் பிள்ளைங்க மாதிரியும் இருப்பா" என்றார்.

அடக்குவதற்கு முதல் வைத்தியம் விசித்திரமானது. ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு வாயில் எந்தத் தீனியும் கிடையாது. டப்பாவில் வரும் சத்துப் பொடியைக் கரைத்துக் குடிக்க வேண்டும். அதுதான் காலைச் சாப்பாடு, அதுதான் மதியச் சாப்பாடு, அதுதான் ராத்திரிச் சாப்பாடு. குடலின் புண் ஆறும், உடம்புக்கும் ஊட்டம் குறையாது.

பேக்கரிக்காரி பெண்ணுக்கு இப்படி ஒரு விதி! கீழே கடை, மேலே வீடு. விடிவதற்கு முன்னாலேயே வெண்ணெய் வாசனை மாடிப்படி ஏறித் தலையணை வரைக்கும் வந்துவிடும். அம்மாக்காரிக்குப் பிள்ளையைக் கொஞ்சத் தெரிந்த ஒரே வழி ஊட்டிவிடுவதுதான். அந்த வழியைத்தான் டாக்டரம்மா அடைத்துவிட்டார்.

அடைத்த வழிக்குப் பக்கத்தில் சந்து கண்டுபிடித்து உள்ளே வந்தவள் அத்தைக்காரி. வீட்டுக்காரரின் தங்கை. டிரைவிங் ஸ்கூலில் டீச்சர், கல்யாணம் வேண்டாம் என்று இருப்பவள். வெந்நீரைக்கூடத் தீய்த்துவிடுகிற கைப்பக்குவம். ஒத்தாசைக்கு என்று வந்து மாடி அறையில் தங்கினாள். கடை விடியலில் திறப்பதால் பொடி கரைப்பது அவள் வேலையாயிற்று, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அவள் வேலையாயிற்று. கடைசியில் சுண்டுவே அவள் பங்குக்குப் போய்விட்டாள் என்று அம்மாக்காரிக்குத் தோன்றிவிட்டது.

இன்று காலையும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"ஃபர்ஸ்ட் கியர்" என்றாள் அத்தைக்காரி.

சுண்டு ஒரு வாய் குடித்தாள்.

"செகண்ட் கியர். மெதுவா, மெதுவா, கிளட்சைப் படக்குன்னு விடாதே."

இன்னொரு வாய்.

"ரிவர்ஸ் மட்டும் போட்டுடாதே தாயே. என் சட்டை போயிடும்."

சிரித்த சிரிப்பில் சுண்டுவுக்குப் புரையேறியது. டம்ளர் காலி.

அம்மாக்காரி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கை நிறைய மாவு. அந்தப் பொடியை முதல் நாள் குடிக்கவைக்க அவள் கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு டம்ளர் வைத்தது வைத்தபடி இருந்தது. இவள் என்னடாவென்றால் நாலு கியர் போட்டுக் காலி பண்ணிவிடுகிறாள். பெற்று வளர்த்தது ஒருத்தி, பேர் வாங்குவது இன்னொருத்தி. அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க அம்மாக்காரி தயாராக இல்லை. தூக்கம் போதவில்லை என்று வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குச் செக்கப்புக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

டம்ளரைக் கழுவப் போன அத்தைக்காரி நின்றாள். "கடை, அண்ணி?"

"உங்க அண்ணன் பார்த்துப்பார்."

"நானும் வரேனே. ஒரு கிளாஸைத் தள்ளி வச்சுட்டா..."

"ஏன், எனக்கு வழி தெரியாதா? இல்ல பெத்தவளை உள்ள விடமாட்டாங்களா?"

அத்தைக்காரியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எப்போதுமே தெரியாது. புதிதாக ஓட்டப் பழகுகிறவர் லாரிக்கு நேரே விட்டாலும், "கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க சார்" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய முகம் அது. அவள் சுண்டுவின் பக்கம் குனிந்து காதில் ஏதோ சொன்னாள். சுண்டு தரையைப் பார்த்தாள்.

சூடான தட்டை வெறும் கையால் பிடித்ததுபோல் இருந்தது அம்மாக்காரிக்கு. தடதடவென்று கீழே இறங்கினாள்.

"உங்க தங்கச்சி என் பொண்ணு காதுல என்ன ஓதிட்டிருக்கா?"

வீட்டுக்காரர் ஓவனிலிருந்து பன் தட்டை இழுத்துக்கொண்டிருந்தார். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வாயை விடறதும் இதுக்குள்ள தலையை விடறதும் ஒண்ணுதான். நீ போயிட்டு வாம்மா" என்றார்.

ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் நர்ஸம்மா தலையைத் தூக்கினதும் கேட்ட முதல் கேள்வி, "அத்தை வரலையா?"

"நான் அம்மா" என்றாள் அம்மாக்காரி. கேட்காத கேள்விக்குப் பதில்.

"சந்தோஷம்மா. ராத்திரி எழுந்து பாத்ரூம் போறாளா?"

அம்மாக்காரி யோசித்தாள். "போன வாரம்..."

"இப்போல்லாம் இல்ல" என்றாள் சுண்டு.

"எந்த ருசி குடிக்கிறா?"

"வெனிலா" என்றாள் அம்மாக்காரி, இதுவாவது தெரியுமே என்று.

"அது அப்பவே மாத்தியாச்சும்மா. சாக்லேட்."

நர்ஸம்மா மேற்கொண்டு எல்லாவற்றையும் சுண்டுவிடமே கேட்டுக்கொண்டார். தன் பிள்ளையைப் பற்றி வைத்த பரீட்சையில் தானே முட்டை வாங்கினதுபோல் அம்மாக்காரி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சுண்டுவின் கண் இரண்டு தடவை வாசல் கதவுப் பக்கம் போய் வந்தது. யாரைத் தேடுகிறாள் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் எடை ஏறியிருந்தது. ரத்தப் பரிசோதனையும் தேவலையாக இருந்தது. "வைத்தியத்துக்கு நல்லா கேட்குது உடம்பு" என்று டாக்டரம்மா சொன்னதும் அம்மாக்காரிக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. சுண்டு அவள் முழங்கையைத் தடவிக் கொடுத்தாள். "அழாதேம்மா. நல்லதுதானே சொல்றாங்க."

டாக்டரம்மா அதைக் கவனித்தார். நாற்காலியைச் சுண்டுவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்த நோய் இருக்கற எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் கேட்கறதைத்தான் உன்கிட்டயும் கேட்கறேன். உட்கார்ந்தா வலிக்குதா? பின்பக்கம் கட்டி, புண்ணு, கசிவு ஏதாவது? இந்த நோய் அங்கேயும் வரும். இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல."

சுண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அது இன்னும் ஈரமாக இருந்தது. "இல்ல" என்றாள்.

"ஒரு தடவை பார்த்துடட்டுமா? அம்மா கூடவே இருக்கட்டும்."

சுண்டுவின் கை சட்டென்று அம்மாக்காரியின் கையைப் பிடித்தது, இறுக்கமாக. இத்தனை வாரத்தில் இப்படிப் பிடித்ததில்லை. அம்மாக்காரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைசியில் என் கைதானே தேவைப்பட்டது!

"வேண்டாம் டாக்டர், கூச்சப்படறா. அப்படி ஏதாவது இருந்தா முதல்ல என்கிட்டதான் சொல்லுவா."

டாக்டரம்மா சுண்டுவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, வேண்டாம்னா இன்னைக்கு வேண்டாம். ஆனா வலியோ ஜுரமோ வந்தா அன்னைக்கே வரணும். காலையில பார்த்துக்கலாம்னு வச்சிருக்கக் கூடாது" என்றார்.

திரும்பும்போது பேருந்தில் பாதி இருக்கை காலி. சுண்டு கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். "உட்காரேன்" என்றதற்கு, "ஜன்னல்ல நல்லா தெரியுது" என்றாள். அம்மாக்காரிக்கு அதுவும் அழகாகத்தான் இருந்தது. இறங்கினதும் ஒரு சிவப்பு ஹேர்பேண்ட் வாங்கிக் கொடுத்தாள். தெருக்கோடியில் தங்கள் கடையின் பலகை தெரிந்தபோது, ஜெயித்துவிட்டு வருகிறவளைப் போல நடந்தாள்.

கடையின் பின்வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. ஒரு கிளாஸ் முடிந்து அடுத்ததற்குள் வந்திருந்தாள் அத்தைக்காரி. அண்ணியைப் பார்க்காமல் நேரே சுண்டுவிடம் வந்தாள்.

"சொன்னியா?"

சுண்டு இல்லை என்று தலையாட்டினாள்.

"என்ன சொல்லணும்?" என்றாள் அம்மாக்காரி. சுண்டு அத்தையின் பின்னால் ஒதுங்கினாள். "என்ன சொல்லணும்னு கேட்கறேன். என் பொண்ணுக்கும் உனக்கும் நடுவுல அப்படி என்ன ரகசியம்?"

"அண்ணி, உள்ள போய்ப் பேசலாம்."

"ஏன், இங்கேயே பேசு! வந்த அன்னையிலிருந்து பார்த்துட்டுதான் இருக்கேன். கரைச்சுக் கொடுக்கற, கதை சொல்ற, காதுல ஓதற. அங்க நர்ஸ் என்னைப் பார்த்து நீ யாருன்னு கேட்காத குறை! பெத்துப் பார்த்தாத்தான்டி தெரியும். ஊரார் பிள்ளையை மடியில வச்சுக் கொஞ்சறது சுலபம்."

உள்ளே வீட்டுக்காரர் மாவு பிசையும் மெஷினைப் போட்டுவிட்டார். வாடிக்கைக்காரர்கள் காதில் விழாமலிருக்க அவருக்குத் தெரிந்த ஒரே உபாயம்.

"உன் மூட்டையைக் கட்டு. கிளம்பு இந்த வீட்டை விட்டு" என்று மெஷினுக்கும் மேலே கத்தினாள் அம்மாக்காரி.

"சரி அண்ணி. நாளைக்கே கிளம்பறேன்" என்றாள் அத்தைக்காரி. குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "ஆனா இதை இப்பவே கேட்டுக்குங்க. அவளுக்குப் பின்பக்கம் கட்டி வந்திருக்கு. காரில ஒரு பக்கமா உட்கார்றாளேன்னு கேட்டேன், நேத்து சாயங்காலம் காட்டினா. இன்னைக்கு டாக்டர்கிட்ட நாங்க ரெண்டு பேருமா சொல்றதா இருந்தோம். நீங்க கூட்டிட்டுப் போறேன்னதும், உங்ககிட்டயே சொல்லிடச் சொன்னேன்."

அம்மாக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. முதல்ல என்கிட்டதான் சொல்லுவா. டாக்டரம்மாவின் அறையில் தான் சொன்ன வார்த்தை தன்னையே அறைந்தது.

"நீ சொல்லியிருக்கலாமே! நேத்தே சொல்லியிருக்கலாமே என்கிட்ட!"

"சொல்லியிருக்கணும்." முதல் தடவையாக அத்தைக்காரி தடுமாறினாள். "அவ என்கிட்ட மட்டும் சொன்னது எனக்குப் பெருமையா இருந்துச்சு அண்ணி. ஒரு நாள் நானே வச்சுக்கலாமேன்னு நினைச்சுட்டேன். தப்புதான்."

இந்தப் பதிலுக்கு அம்மாக்காரி தயாராக இல்லை. சுண்டுவின் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி கண்ணு? நான் உன்னை என்னைக்காவது அடிச்சேனா, வைதேனா? என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீ அழுவேம்மா" என்றாள் சுண்டு. "நீ அழுதா நான் உன்னைச் சமாதானம் பண்ணணும். எனக்கும் வலிக்குது, உன்னையும் பார்த்துக்கணும். ரெண்டும் என்னால முடியல."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வேறு வயிற்றின் வலியைப் பிள்ளை தனியாகத் தாங்கிக்கொண்டு, அம்மாவின் கண்ணீரையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மாக்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்போது அழுதால் அந்தப் பிஞ்சுக் கை மறுபடியும் முழங்கையைத் தடவ வரும். பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"வா, மேல போகலாம். எனக்கும் காட்டு" என்றாள்.

கட்டிலில் குப்புறப் படுத்த சுண்டு, கழுத்தைத் திருப்பி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டி செக்கச்செவேலென்று பளபளத்தது. சுற்றிலும் தோல் வீங்கி விறைத்திருந்தது. இத்தோடா இந்தப் பெண் பள்ளிக்கூட பெஞ்சியில் உட்கார்ந்தாள்! அம்மாக்காரி தன் முகத்தை, எப்படியோ, இருந்த இடத்தில் பிடித்து வைத்தாள்.

"கட்டிதான். டாக்டர் பார்க்கணும்" என்றாள், ரொட்டிக்கு உப்புப் போதவில்லை என்று சொல்கிற குரலில். நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது.

போனில் ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டே விஷயம் சொன்னார்கள். அமுக்கிப் பார்க்க வேண்டாம், குடிக்க எதுவும் கொடுக்காமல் உடனே கொண்டுவாருங்கள். வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். கடையைச் சாத்திக்கொண்டு பின்னாலேயே வருவதாகச் சொல்லி மூன்று பேரையும் காரில் ஏற்றினார். அத்தைக்காரி ஓட்டினாள். பின்சீட்டில் சுண்டு ஒருக்களித்து, அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். வழியெல்லாம் பெரியவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக்குக் கிளம்புகிறவளும் கிளம்பச் சொன்னவளும் ஒரே காரில் போனால் பேச்சு எங்கிருந்து வரும்?

டாக்டரம்மா பார்த்தார். "சீழ் கட்டியிருக்கு. ஸ்கேன் எடுத்துட்டு, மயக்க மருந்து கொடுத்து வடிச்சு விட்டுடலாம். குடல்லேருந்து இதுக்கு உள்ளுக்குள்ளயே வழி ஏதாவது உண்டாகியிருக்கான்னும் பார்க்கணும். இருந்தா, பொடி மட்டும் போதாது. வேற மருந்து ஆரம்பிக்கற மாதிரி இருக்கும். அதை அப்புறம் உட்கார்ந்து பேசலாம்."

"காலையிலேயே நீங்க பார்த்திருந்தா..."

"சில மணி நேரம்தான் போயிருக்கு. இன்னைக்கே வந்துட்டீங்க, அது போதும்."

"இல்ல டாக்டர்" என்றாள் அம்மாக்காரி. "காலையில நான் சொன்னது நிஜமில்ல. இவ என்கிட்ட சொல்லல. அத்தைகிட்டதான் சொன்னா. என்கிட்ட சொல்லுவான்னு நான் ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்."

டாக்டரம்மா அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பின்னால் நின்ற அத்தைக்காரிக்கும் அது கேட்டிருக்கும். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று அம்மாக்காரி திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்கேன் முடிந்தது. பச்சை அங்கி மாட்டின சுண்டு, தள்ளுகட்டிலில் இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். உள்ளிருந்து வந்த நர்ஸம்மா, "மயக்கம் வர்ற வரைக்கும் ஒருத்தர் கூட இருக்கலாம். ஒருத்தர்தான். யார் வரீங்க?" என்றார்.

சுண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

'நான்தான், வேற யாரு' என்று அம்மாக்காரியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெற்றவள் இருக்க வேறு யார் போவது? ஆனால் காலையில் அந்தக் கண் கதவுப் பக்கம் போய்ப் போய் வந்ததை அவளால் மறக்க முடியவில்லை. அத்தை என்று சொல்லிவிட்டால்? சொல்லத்தான் போகிறாள். நெஞ்சு முழுக்க எரிந்தது. இந்தத் தடவை அதைத் தூக்கம் போதாமை என்று சொல்லி ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. பொறாமைதான், அப்பட்டமான பொறாமை.

"நீயே சொல்லுடா கண்ணு" என்றாள்.

"அம்மா, நீ வந்தா அழுவியா?"

மாட்டேன் என்று சொல்வது சுலபம். அம்மாக்காரி குனிந்து மகளின் முகத்துக்கு நேராக வந்தாள்.

"அழுவேன். எனக்கு அழுகை வரும், நான் அப்படித்தான். ஆனா என்னைத் தேத்தறது இனிமே உன் வேலை இல்ல. அதுக்கு வெளியில உங்க அத்தை இருக்கா, அப்பா வந்துட்டிருக்கார். நான் எவ்வளவு அழுதாலும் நீ உன் வலியை மட்டும் பார்த்தா போதும். சரியா?"

சுண்டு யோசித்தாள். நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"நிஜமாவா?"

"நிஜமா."

"அப்ப நீ வா."

"போங்க அண்ணி, சீக்கிரம்" என்றாள் அத்தைக்காரி. சுண்டுவின் செருப்பையும் சிவப்பு ஹேர்பேண்டையும் வாங்கிக்கொண்டாள்.

கட்டில் நகர்ந்தது. சுண்டு அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நேரே விட்டத்தைப் பார்த்தாள். ஒரு தடவைகூட அத்தையின் பக்கம் திரும்பவில்லை. அம்மாக்காரிதான் திரும்பினாள். அத்தைக்காரி சுவரோரமாக, உதட்டை உள்ளே மடித்து, போகிற கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த முகத்தை யாரும் அம்மாக்காரிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வாரமும் அவளே போட்டுக்கொண்டு நடந்த முகம் அது.

'கிளம்பு' என்று மத்தியானம் வீசின வார்த்தை இன்னும் அப்படியே கிடந்தது. 'நாளைக்கே' என்ற பதிலும் கிடந்தது. என்னவோ சொல்ல அம்மாக்காரி வாயைத் திறந்தாள்.

"உள்ள வாங்கம்மா, கதவைச் சாத்தணும்" என்றார் நர்ஸம்மா. உள்ளே போனாள்.